தெரிந்தவர் பெயரில்தான் வருகிறது

‘தெரியாத ஆள் அனுப்பின மெயிலைத் திறந்தா இப்படித்தான்.’ காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை கணினி வைத்துப் பிழைக்கும் எந்தக் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கணினி படுத்துவிட்டால் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்னால் யார் திறந்தது என்று கேட்பார்கள். பெரும்பாலும் அந்தக் கடையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பெண்ணின் பெயர்தான் பதிலாக வரும். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பகுதியில் கடை கடையாகப் போய்க் கணினி பழுது பார்த்தவன் நான். இந்தப் பேச்சு தவறானது, தீங்கானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், அதை நம்புகிறவர்கள் சொல்கிற விதத்திலேயே அந்தக் கருத்தை வைத்துவிடுகிறேன். மின்னஞ்சலில் வரும் புழு பெட்டியில் கிடக்கும் வரை ஒன்றும் செய்யாது. யாராவது இணைப்பைத் திறந்தால்தான் உயிர் பெறும். ஆகவே முன்பின் அறியாதவரின் மெயிலைத் திறக்காமல் அழித்துவிட வேண்டும். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். இந்த இரண்டையும் செய்தவருக்குப் பயமில்லை. அதையும் மீறிக் கணினி கெட்டால் அது திறந்தவரின் கவனக்குறைவு. பயிற்சி வகுப்புகளிலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், பத்திரிகைத் துணுக்குகளிலும் இதுதான் வருகிறது.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு உலகம் முழுக்கப் பரவியதற்கு, ஒவ்வொரு கணினியிலும் யாரோ ஒருவர் அந்தக் காதல் கடிதத்தைச் சொடுக்கியது காரணம்தான். லாட்டரி விழுந்தது என்று வருகிற மெயில்கள் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வருவதும் உண்மைதான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த அறிவுரை நிற்காது. எந்தப் பக்கம் பார்த்துப் பயப்பட வேண்டுமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அது நம் முகத்தைத் திருப்பிவைக்கிறது.

1. புழு அந்நியரிடமிருந்து வருவதில்லை

கடைகளில் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்வார்கள். புழுவுக்குத் தனிப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. வைரஸ் இன்னொரு பைலில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பைல் போகிற இடத்துக்குப் போகும். புழு தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டு தானாகவே அடுத்த கணினிக்குப் போகும். மின்னஞ்சல் புழுவுக்கு அந்த அடுத்த கணினி எது என்று எப்படித் தெரியும்? அகப்பட்ட கணினியில் இருக்கும் முகவரிப் புத்தகம்தான் அதற்கு வழிகாட்டி. அந்தப் புத்தகத்தில் அந்நியர்களா இருப்பார்கள்? மாமா மகன், பேப்பர் மொத்த வியாபாரி, பள்ளித் தலைமை ஆசிரியர், வளைகுடாவில் இருக்கும் தம்பி. அவர்களுக்குத்தான் அடுத்த மெயில் போகும், உங்கள் பெயரில்.

இது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1987 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு மாணவர் எழுதிய ‘கிறிஸ்துமஸ் மரம்’ நிரல், திரையில் எழுத்துகளாலேயே ஒரு மரத்தை வரைந்துகாட்டிவிட்டு, பார்த்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பியது. ஐபிஎம் நிறுவனத்தின் உள்வலையமைப்பையே அது திணறடித்தது. 1999 மார்ச் 26 அன்று வெளிவந்த மெலிசா, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குப் போனது. மெயிலின் தலைப்பிலேயே, இன்னாரிடமிருந்து முக்கியச் செய்தி என்று அனுப்புநரின் பெயரைப் போட்டுக்கொண்டது. ஐ லவ் யூ ஐம்பதோடு நிற்கவில்லை. புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் போனது. அதை எழுதிய ஓனல் டி குஸ்மான் என்ற மாணவர் மேல் வழக்கு நிற்கவில்லை, காரணம் அன்று பிலிப்பைன்ஸில் அதற்கு ஒரு சட்டமே இல்லை.

2001 ஜூலையில் வந்த சர்கேம் இன்னும் ஒரு படி போனது. அகப்பட்டவரின் கணினியிலிருந்தே ஏதோ ஒரு ஆவணத்தை எடுத்து, அதில் தன்னை ஒட்டிக்கொண்டு, ‘உங்கள் ஆலோசனைக்காக அனுப்புகிறேன்’ என்ற தோரணையில் போனது. உங்களோடு வேலை செய்கிறவரிடமிருந்து, அவருடைய நிஜமான பைலின் பெயரோடு, ஆலோசனை கேட்டு ஒரு மெயில் வந்தால் அதைத் திறக்காமல் இருப்பதுதான் அசாதாரணம்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. மெயிலில் ‘அனுப்புநர்’ என்று தெரிகிற பெயர், தபால் உறையின் பின்பக்கம் எழுதுகிற பெயரைப் போன்றது. யாரும் எதையும் எழுதலாம். மெயிலைக் கொண்டுசெல்லும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. பின்னால் சேர்த்த சோதனைகளும் எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போடப்படவில்லை. 2002இல் பரவிய கிளெஸ் புழு இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. அகப்பட்ட கணினியில் இருக்கும் இரண்டு முகவரிகளை எடுத்து, ஒன்றை அனுப்புநராகவும் மற்றதைப் பெறுநராகவும் போட்டது. புழு இருப்பது ஒருவர் கணினியில், பழி விழுவது வேறொருவர் மேல், அடி வாங்குவது மூன்றாமவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2014இல் தொடங்கிய எமோடெட் பிற்பாடு கற்றுக்கொண்ட தந்திரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்களும் உங்கள் கணக்காளரும் மூன்று மாதமாக மாறிமாறி எழுதிய கடிதத் தொடரை அது திருடி, அந்தத் தொடரின் அடியிலேயே அடுத்த பதிலைப் போல ஒரு பைலோடு வந்து நிற்கும். மேலே இருப்பதெல்லாம் நீங்களே எழுதிய வரிகள். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றின. அதே வருடம் நவம்பரில் அது திரும்பவும் தலைகாட்டியது.

அப்படியென்றால், தெரியாதவரைப் பார்த்துப் பயப்படு என்பதன் அர்த்தம் என்ன? தெரிந்தவர் பெயரில் வந்தால் பயப்படாதே என்பதுதான். அந்த இரண்டாம் பாதியைத்தான் புழு எழுதுகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

2. தெரியாதவர் மெயிலைத் திறப்பதே தொழிலாக இருப்பவர் என்ன செய்வார்?

ஒரு நாள் காலையில் பத்தரை மணிக்கு எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஒன்றில் போய் நின்று பாருங்கள். மேசைக்கு முன்னால் ஆறேழு பேர். ‘சாரே, மெயில் அனுப்பியிருக்கு, ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க’ என்கிறார் ஒருவர். மேசையில் இருக்கும் பெண் பெயரைக் கேட்கிறாள், பெட்டியைத் திறக்கிறாள், தேடுகிறாள், சொடுக்குகிறாள், பிரிண்டர் ஓடுகிறது. அடுத்தவர் ஆதார் அட்டை, அதற்கடுத்தவர் பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வாணையம்) ஹால் டிக்கெட், அதற்கடுத்தவர் கல்யாணக் கார்டுக்கான படம். அக்ஷயா மையங்களிலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று கேரளம் முழுக்கச் சாதாரண மனிதர்களின் விண்ணப்பங்களைச் சுமக்கிறது. ஒரு நாளில் நூறு அந்நியர்களின் பைலைத் திறக்காமல் அங்கே யாருக்கும் சம்பளம் கிடைக்காது.

அந்தப் பெண்ணிடம் போய், தெரியாதவர் மெயிலைத் திறக்காதே என்றால் அது அறிவுரையா? கடையை மூடு என்று சொல்வதற்குச் சமம். கடைப்பிடிக்கவே முடியாத விதியை ஒருவர் மேல் சுமத்திவிட்டு, மீறியதற்காகத் தண்டிப்பது அநியாயம். பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் மெயில், வக்கீல் குமாஸ்தாவுக்கு வரும் பத்திர நகல், வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு வரும் விண்ணப்பம் எல்லாம் அந்நியர்களிடமிருந்துதான் வருகின்றன.

இவர்களுக்கு உதவுவது வேறு. வாடிக்கையாளர் பைல்களுக்கென்று கணக்கு வழக்கு எதுவும் இல்லாத ஒரு பழைய கணினியைத் தனியாக வைக்கலாம். பைலைத் தரவிறக்காமல் மெயில் பக்கத்திலேயே முன்பார்வையில் திறந்து பிரிண்ட் கொடுக்கலாம். அந்தக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கில் வேலை செய்யலாம். அப்போது ஒன்று உள்ளே வந்தாலும் கணினி முழுவதையும் மாற்றி அமைப்பது அதற்கு எளிதாக இருக்காது. இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர் கடை முதலாளி. அவர் செய்யாமல் விட்டதை மாதச் சம்பளக்காரியின் விரல் நுனியில் தேடக் கூடாது.

3. திறந்தது அவர், ஆனால் கதவை மறைத்துவைத்தது யார்?

ஐ லவ் யூ மெயிலின் இணைப்பு, பெயரைப் பார்த்தால் சாதாரண எழுத்துப் பைல். பெயரின் கடைசியில் நிஜமான வால் ஒன்று இருந்தது, விபிஎஸ் என்று. அது இயங்கும் நிரல் என்பதற்கான அடையாளம். விண்டோஸ் அந்த வாலைப் பயனரின் கண்ணிலிருந்து தானாகவே மறைத்துவைத்தது. இன்றும் புதுக் கணினி வாங்கினால் அந்த அமைப்பு அப்படியேதான் வருகிறது. நானும் ஒவ்வொரு கடையிலும் முதல் வேலையாக அதை மாற்றுகிறேன். பைல் பெயரின் வாலைக் காட்டச் சொல்லி ஒரு கட்டத்தில் டிக் மாற்றினால் போதும், அரை நிமிட வேலை. மறைத்தே கொடுத்துவிட்டு, ‘பார்த்துத் திறக்கக் கூடாதா’ என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

திறக்காமலே வந்தவையும் உண்டு. 1999 நவம்பரில் பபிள்பாய் என்ற ஒன்று, மெயிலை முன்பார்வைப் பலகத்தில் பார்த்தாலே ஓடும் என்று காட்டியது. 2001 செப்டம்பர் 18 அன்று பரவிய நிம்டா அதே மாதிரியான வழியை நிஜத்தில் பயன்படுத்தியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அந்த வருடம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆறு மாதமாகப் போடாமல் கிடந்த திருத்தம் அது. சொடுக்காதே என்ற அறிவுரை இங்கே எதைக் காப்பாற்றியிருக்கும்?

வேர்ட், எக்செல் பைல்களில் மேக்ரோ என்ற சிறு நிரலைப் பொதிந்து அனுப்புவது மெலிசா காட்டிய வழி. 1999லிருந்து உலகமெங்கும் ஊழியர்களை உட்காரவைத்து, மேக்ரோவை இயக்காதீர்கள் என்று பாடம் நடத்தினார்கள். எமோடெட் வரை புழுக்கள் அதே வழியில் வந்துகொண்டே இருந்தன. 2022இல்தான் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த பைல்களில் மேக்ரோ தானாகத் தடுக்கப்படும்படி மாற்றியது. புழு எழுதுகிறவர்கள் அதற்குப் பிறகுதான் வேறு வழி தேடி ஓடினார்கள். வட்டுப் படிமப் பைல்கள், குறுக்குவழிப் பைல்கள், ஒன்நோட் பைல்கள் என்று மாறினார்கள். இருபத்து மூன்று வருடப் பாடம் சாதிக்காததை ஒரு அமைப்பு மாற்றம் செய்தது. எய்தவன் இருக்க அம்பை நோவதைப் போல, செய்தவர்களையும் தடுக்காதவர்களையும் விட்டுவிட்டு நாம் கடைசிக் கையைப் பிடிக்கிறோம்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வேதனை இருக்கிறது. 2022 மாற்றத்துக்கு முன்னால், மெயிலில் வந்த மேக்ரோ பைலைத் திறந்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஆங்கிலத்திலேயே ‘எனேபிள் கன்டென்ட்’ என்று ஒரு பொத்தான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்படி நின்ற தமிழ்க் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள். அந்த மஞ்சள் பட்டை அவர்களுக்கு எச்சரிக்கையாகப் படவில்லை. வேலை நடக்க அழுத்த வேண்டிய இன்னொரு பொத்தானாகவே பட்டது. நான் ஒரு பெண்ணிடம் அதன் அர்த்தத்தைச் சொன்னபோது, ‘இது பைலைத் திறக்குதுக்கு உள்ள பட்டன் இல்லியா அண்ணா?’ என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. 1969ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கே தமிழில் எழுதலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. அந்த அரசு, கணினி பற்றிய எச்சரிக்கைகளைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து இந்த ஊர்களுக்குக் கொடுக்கக் கூடாதா?

4. ஆன்டிவைரஸ் காவல்காரன்தான், கோட்டை இல்லை

ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இருக்கட்டும். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பிடிபட்ட திருடர்களின் படத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஆள். புதிதாக வருகிறவனின் படம் காவல்காரன் கைக்கு வந்துசேர்வதற்குள், சில மணி நேரத்தில், மின்னஞ்சல் புழு உலகைச் சுற்றிவிடும். 2004இல் வந்த பேகிள் தன்னைப் பாஸ்வேர்டு போட்ட ஜிப் பைலுக்குள் பூட்டிக்கொண்டு, அந்தப் பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதி அனுப்பியது. மனிதர் படித்துத் திறப்பார், ஆன்டிவைரஸால் பூட்டுக்குள் பார்க்க முடியாது. இன்றும் பாஸ்வேர்டோடு வருகிற ஜிப் பைலைப் ‘பத்திரமானது’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே எழுதப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். 2002இல் யாஹா என்ற புழு நட்பு, காதல் என்று ஸ்க்ரீன்சேவர் வேடத்தில் பரவியது. அதற்குப் பின்னால் ‘இந்தியன் ஸ்நேக்ஸ்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட குழு இருந்தது. பாகிஸ்தான் அரசு இணையதளத்தை முடக்குவது அதன் நோக்கம். வழியில் அது செய்த வேலைகளில் ஒன்று, கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸை நிறுத்துவது. காவல்காரனையே கட்டிப்போட்டது. தேசப்பற்று என்ற பெயரில் கிளம்பியது யார் கணினிகளில் குடியிருந்தது? நம்முடையவற்றிலும்தான்.

5. யாருமே சொடுக்காமல் பஞ்சாயத்து அலுவலகங்கள் படுத்த நாள்

2017 மே 15, திங்கட்கிழமை காலை. வயநாட்டில் தரியோடு, பத்தனம்திட்டையில் அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களில் கணினியைப் போட்டவர்கள் திரையில் மிரட்டல் செய்தியைப் பார்த்தார்கள். 300 டாலரைப் பிட்காயினாகக் கட்டினால்தான் பைல்கள் திரும்பக் கிடைக்கும் என்றது அது. அடுத்த நாள் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் அதே செய்தி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 12ஆம் தேதி உலகெங்கும் வெடித்த வான்னாக்ரை அது.

அந்த வாரம் எங்கள் கடைத்தெருவில் கேட்ட பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘யாரோ கிளார்க் மெயிலைத் திறந்திருப்பான்.’ பத்திரிகைகளும் தொடக்கத்தில் மெயிலைத்தான் சந்தேகித்தன. ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. வான்னாக்ரை மெயிலில் பரவியதற்குச் சான்று கிடைக்கவில்லை. விண்டோஸில் பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டின் ஓட்டை வழியாக, கணினியிலிருந்து கணினிக்கு அது தானே தாவியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதம். அந்த அப்டேட் ஒரு கணினியில் இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, கிளார்க்கின் கை எங்கே போனது என்பது கேள்வியே இல்லை. அவர் மேல் விழுந்த சந்தேகத்தைப் பிறகு யாராவது திருத்திச் சொன்னார்களா?

எங்கள் பகுதியில் அப்டேட் ஏன் நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். திருட்டு விண்டோஸ் போட்டிருப்பவர்கள் அப்டேட்டை நிறுத்திவைக்கிறார்கள், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில். டேட்டா தீர்ந்துவிடும் என்று சிலர். பில் போடும் நடுவில் கணினி தானே அணைந்து எழும் என்று சிலர். இதையெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். வாரத்தில் ஒரு மாலை, கடை பூட்டுகிற நேரத்தில் அப்டேட்டை ஓடவிட்டுப் போனால் போதும். விண்டோஸ் வாங்கக் காசில்லை என்றால் இலவசமான லினக்ஸ் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் அரசின் கைட் நிறுவனம் பல வருடங்களாக அதைத்தான் ஓட்டுகிறது. பிரிண்ட் எடுக்கவும் கடிதம் அடிக்கவும் அது தாராளம். லினக்ஸுக்குப் புழுவே வராது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் விட்ட முதல் பெரிய இணையப் புழு ஓடியது, லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸ் கணினிகளில்தான். அது நுழைந்த வழிகளில் ஒன்று மெயில் அனுப்பும் நிரல்.

6. ‘நம்மகிட்ட எடுக்க என்ன இருக்கு?’

இது முதல் கருத்தின் தங்கை. கல்யாணக் கார்டு அடிக்கிற கடையில் யார் வந்து என்ன திருடப்போகிறார்கள் என்கிறார்கள். புழு ஆளைப் பார்த்து வருவதில்லை. அதற்கு வேண்டியது உங்கள் கணினியின் மின்சாரமும் இணையமும் முகவரிப் பட்டியலும். 2004 ஜனவரி 26 அன்று கிளம்பிய மைடூம், மெயில் போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பைப் போல வேடமிட்டு வந்து, அகப்பட்ட கணினியில் ஒரு பின்வாசலைத் திறந்துவைத்துவிட்டுப் போனது. அதன் வழியே யாரோ ஒருவர் அந்தக் கணினியைக் கொண்டு வேறெவருக்கோ குப்பை மெயில் அனுப்பலாம். கடையில் எடுக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். உங்களை நம்பி ஆதார் நகலை அனுப்பிய முந்நூறு பேரிடம் எடுக்க இருக்கிறது.

7. பழி போடுவதால் என்ன நடக்கிறது

இதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2004, பாறசாலைப் பக்கம் ஒரு டிடிபி கடை. மானிட்டரின் மேல் விளிம்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘தெரியாத மெயில் திறந்து கம்ப்யூட்டர் கெட்டால் சம்பளத்தில் பிடிக்கப்படும்.’ வேலை பார்த்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். என்னைக் கூப்பிட்டபோது மாலை ஐந்தரை. கணினி ஊர்ந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் பார்க்காத நேரத்திலும் மோடத்தின் சின்ன விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அவள் முதலாளியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். காலையில் பதினொரு மணியிலிருந்து. ஆறரை மணி நேரம் அந்தக் கடையின் முகவரிகளுக்கெல்லாம் அது போய்க்கொண்டிருந்தது. அவள் வாய் திறக்கவில்லை, காரணம் அந்தத் தாள்.

‘அண்ணா, நான் அறியாத்த ஆளுக்க மெயிலைத் தொறக்கல்ல. நம்ம பிரஸ்காரருக்க மெயிலு தானே வந்தது’ என்று என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். உண்மைதான். வாரம் இரண்டு முறை அவர்களுக்கு வேலை கொடுக்கும் அச்சகத்தின் முகவரி அது. அச்சகத்தில் விசாரித்தால் அவர்கள் எதையும் அனுப்பவில்லை. மூன்றாவதாக யாரோ ஒருவரின் கணினியில் இரண்டு பேரின் முகவரியும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் விதியை மீறவில்லை, விதியின்படியே நடந்தாள். இதை முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மாதக் கடைசியில் அவள் வேலை போயிற்று. நான் அன்று இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற உறுத்தல் இன்றும் போகவில்லை.

பதினொரு மணிக்கே ‘அண்ணா, ஏதோ சரியில்லை’ என்று அவள் பயமில்லாமல் சொல்லக் கூடிய கடையாக அது இருந்திருந்தால், மோடத்தின் கம்பியைப் பிடுங்கி விட்டு அந்தப் பகலைக் காப்பாற்றியிருக்கலாம். புழுவுக்கு வேண்டியது நேரம், அந்தத் தாள் அதைத்தான் கொடுத்தது. சட்டம்கூட அந்த முதலாளியைவிட நிதானமானது. 2000ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு கணினியில் கேடு புகுத்துவதைச் சொல்கிறது. 66ஆம் பிரிவு மூன்று வருடம் வரை சிறை என்கிறது, ஆனால் நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் மட்டுமே. ஏமாற்றப்பட்டவரை அது குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தப் பைலை நான் எதிர்பார்த்தேனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்பாராமல் வந்தால், அனுப்பியவர் அண்ணனாகவே இருந்தாலும், போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த மெயிலுக்கே பதில் எழுதிக் கேட்கக் கூடாது. அவர் பெட்டியைப் பிடித்தவரே ‘ஆமாம்’ என்று பதில் எழுதுவார். மெயில் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டால் பாஸ்வேர்டு திருடு போனாலும் பெரும்பாலும் கணக்கு தப்பும். வாரம் ஒரு முறை முக்கியமான பைல்களை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, எடுத்ததும் வட்டைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். கணினியிலேயே செருகிக் கிடந்தால் வான்னாக்ரை மாதிரி ஒன்று அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

திறந்துவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். அதற்கப்புறம் வேறொரு கணினியிலோ போனிலோ மெயில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். நம் பெயரில் மெயில் போயிருக்கக் கூடியவர்களுக்குப் போனில் சொல்ல வேண்டும். எச்சரிக்கிறேன் என்று அதே மெயிலை முன்னனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். புழுவுக்கு அவர்களே வண்டி ஓட்டினார்கள். மெயில் அமைப்புகளுக்குள் போய், நமக்கு வருவதையெல்லாம் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி எதுவும் புதிதாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில், கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு. கடை இஞ்சிவிளையில், வங்கிக் கணக்கு களியக்காவிளையில், மெயில் பார்த்தது வீட்டில். எந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போவது? அந்த அலைச்சலில் மூன்று நாள் கழிந்து, கடைசியில் யாரிடமும் சொல்லாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். 1930 நாடு முழுவதற்கும் ஒரே எண். சட்டமும் மத்தியச் சட்டம்தான், இரு பக்கமும் ஒன்றே. களியக்காவிளை எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும், கையில் இருக்கும் போனிலிருந்தே முதல் அழைப்பைச் செய்துவிடலாம்.